பதினேழாம் எண் பெல்ட்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா பெல்ட்டுகளையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்ப்பது கெசியாவின் வேலை. உயரமான கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனி ஒன்றில் அவள் சேஃப்டி ஆபீசர். இரும்புலியூரில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஷட்டர் போட்ட ஓர் அறைதான் ஸ்டோர். கண்ணை மட்டும் அவள் நம்புவதில்லை. பட்டையை வளைத்துப் பிடித்து, அங்குலம் அங்குலமாக நகர்த்துவாள். நூல் பிரிந்திருந்தால் விரலுக்குத்தான் முதலில் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினேழாம் எண்ணை எடுத்ததும் அவள் கை நின்றுவிட்டது.

பெல்ட்டின் முதுகிலிருந்து போகும் கயிற்றில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். ஆள் விழுந்தால் அதன் தையல் பிய்ந்து, உள்ளே மடித்து வைத்த பட்டை நீண்டு, விழுகிற வேகத்தை வாங்கிக்கொள்ளும். கையால் எவ்வளவு இழுத்தாலும் அது பிரியாது. ஓர் உடம்பு விழுந்தால்தான் பிரியும். இதில் முழுக்கப் பிரிந்திருந்தது. யாரோ அதைத் திரும்ப மடித்து, கறுப்பு டேப் சுற்றி மறைத்திருந்தார்கள்.

தொடைப் பட்டைகளைப் பார்த்தாள். இரண்டும் கடைசி அளவுவரை இழுத்து இறுக்கப்பட்டிருந்தன. அவளுடைய ஆட்களில் அவ்வளவு ஒல்லியான கால் எவனுக்கும் கிடையாது. தோள் பக்கத்து வளையத்தில் ஒரு நீளமான முடி சுற்றிக்கொண்டிருந்தது.

ரெஜிஸ்டரைப் புரட்டினாள். பதினேழு போயிருந்த இடம் மேடவாக்கம், பதினோரு மாடி அபார்ட்மென்ட். வாங்கிப் போனவன் சம்பத். பத்து வருஷமாகக் கயிற்றில் இறங்குகிறவன், பொய் பேசத் தெரியாதவன். போன் போட்டதும் வந்தான். பெல்ட்டைப் பார்த்தவுடன் உட்கார்ந்துவிட்டான்.

"யார் விழுந்தது சம்பத்?"

"நம்ம ஆளு யாரும் வுழல மேடம். சத்தியமா."

"அப்ப வேற யார்?"

டேப் சுற்றிய பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவைத்தான். பிறகு சொன்னான். "அந்த வூட்டுக்காரம்மா. பதினோராவது மாடி. ரோஹிணின்னு பேரு. அவங்க ஜன்னலுக்கு வெளில யாரோ தட்டிகினே கீறாங்கன்னு டெய்லி மொட்டை மாடிக்கு வந்து நிப்பாங்க. நாங்க அந்தப் பக்கம் கயிறே போடல மேடம். அன்னிக்கு, ஒரே ஒரு வாட்டி எட்டிப் பாக்கறேன்னு அழுதாங்க. பெல்ட் இல்லாம எட்டிப் பாத்துடப் போறாங்களேன்னு பயந்துகினு நான்தான் பெல்ட் மாட்டி வுட்டேன். கயிறு கட்டற ஆங்கர் வளையத்துல கொக்கியும் போட்டேன்."

"எட்டிப் பார்த்து விழுந்துட்டாங்களா?"

"வுழலை மேடம்." சம்பத் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "கையை நீட்டினாங்க. அப்புறம் போனாங்க. தானா போன மாதிரி இல்ல."

அவனும், சத்தம் கேட்டு ஓடிவந்த கூட்டாளி ஜாய்சனும் சேர்ந்துதான் அவளை மேலே தூக்கினார்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். வேலை போய்விடும் என்று இவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கெசியா கோபப்படவில்லை. பெரிய கத்தரிக்கோலை எடுத்து, பதினேழாம் எண்ணின் பட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒருமுறை ஆளைத் தாங்கிய பெல்ட் மறுபடி யார் உடம்பிலும் ஏறக்கூடாது. முழுசாகக் குப்பையில் போட்டால் எவனாவது எடுத்து மாட்டிக்கொள்வான். வெட்டித்தான் போட வேண்டும்.

மறுநாள் பத்து மணிக்கு மேடவாக்கத்தில் இருந்தாள். ரோஹிணி கதவைத் திறந்தாள். முப்பது வயதிருக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

"நான் குதிக்கல மேடம். எல்லாரும் அதைத்தான் நினைப்பாங்க. அதனாலதான் சொல்லல," என்றாள் எடுத்த எடுப்பிலேயே. முழுக்கைச் சட்டையை மேலே தள்ளிக் காட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்த தடம். நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். "அந்தக் கை அவ்வளவு ஜில்லுனு இருந்துச்சு. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம்."

பெட்ரூம் ஜன்னல் பக்கம் போனார்கள். தெருவில் தண்ணி லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் அடங்கியதும் கெசியாவுக்குக் கேட்டது.

டக். இடைவெளி. டக்.

இரும்புக் கொக்கி ஒன்று சுமையில்லாமல் தொங்கி, காற்றில் ஆடி, சுவரில் மோதுகிற சத்தம். பதினாலு வருஷமாக அவள் கேட்டுப் பழகிய சத்தம். ஜன்னலுக்கு வெளியே கயிறும் இல்லை, கொக்கியும் இல்லை. தன் கை தாழ்ப்பாளைத் திறந்துகொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தாள். அந்த ஜன்னலுக்கு நேர்மேலே, தண்ணீர்த் தொட்டியின் தூணில், பழைய கயிற்றின் துண்டு ஒன்று முடிச்சோடு கிடந்தது. வெயிலில் வெளுத்து, தொட்டால் தவிடாக உதிர்ந்தது. முனையைப் புரட்டினாள். கத்தியால் அறுத்த முனை ஒரே மட்டமாக இருக்கும். இதில் ஒவ்வொரு புரியும் ஒவ்வொரு நீளத்தில் நின்றது. சுமை தாங்காமல் அறுந்த கயிறு.

அசோசியேஷன் செக்ரட்டரி லக்ஷ்மிநாராயணனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பில்டர் காலத்துலேர்ந்து அங்கதாம்மா இருக்கு," என்றார்.

"அப்ப யாராவது விழுந்தாங்களா சார்?"

"நாங்க குடிவந்தே ஏழு வருஷம்தான் ஆறது. அதுக்கு முன்னாடி நடந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்?" லாரிக்காரனைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்.

அந்தச் சுவர் மட்டும் பெயின்ட் அடிக்காமல் மிச்சமிருந்தது. சம்பத் இறங்க மாட்டேன் என்றான். மற்றவர்களும் அப்படியே. தனக்கே துணிவில்லாத இடத்துக்கு ஆளை எப்படி இறக்குவது? வெள்ளிக்கிழமை நண்பகலில் கெசியா தன் சொந்த பெல்ட்டை மாட்டினாள். வாங்கி நாலே மாதமான பெல்ட். இரண்டு கயிறு, இரண்டு ஆங்கர். முடிச்சுகளைச் சம்பத் பார்த்தான், பிறகு அவள் பார்த்தாள், மறுபடி சம்பத் பார்த்தான். மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே ஊஞ்சல் பலகையில் இறங்கினாள்.

ரோஹிணியின் ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே சுவரில் தழும்புகள் இருந்தன. பிறைபோல் வளைந்த சின்னச் சின்னக் குழிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில். கொக்கி மோதினால் விழுகிற அதே வடிவம். சிலவற்றின் ஓரம் மழைநீர் ஊறிக் கறுத்திருந்தது. சிலவற்றில் வெள்ளைத் தூள் இன்னும் உதிரவே இல்லை, இன்றைக்குத்தான் விழுந்தவைபோல. அவள் ஒன்றும் யோசிக்காமல், குழி அடைக்கக் கொண்டுவந்த பட்டி மாவை எடுத்துப் பூச ஆரம்பித்தாள்.

காற்று ஒருமுறை தள்ளியது. அவள் இடுப்பில் சும்மா தொங்கிய கொக்கி சுவரில் மோதியது. டக்.

உள்ளே திரை விலகியது. ரோஹிணி. அக்கா வீட்டுக்குப் போக சாமான் கட்டிக்கொண்டிருந்தவள், கையில் மடித்த துணியோடு கண்ணாடியருகே வந்து நின்றாள். இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான். "நான்தான்" என்று கெசியா கையை உயர்த்தினாள். ரோஹிணியின் பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை. மேலே போனது, கீழே போனது, எதிர்க் கட்டடத்துக்குப் போனது. திரையை இழுத்து மூடிவிட்டாள்.

"சம்பத்! தூக்கு! தூக்கு!" என்று கத்தினாள் கெசியா. மாடியில் கால் வைத்ததும் பெல்ட்டைக் கழற்றி வைத்தாள். சம்பத் தண்ணீர் கொடுத்தான். "நான் உன் கண்ணுக்குத் தெரியறேனா?" என்று கேட்டாள். அவன் பயந்துபோய்த் தலையாட்டினான்.

கீழே லிஃப்ட் வாசலில் ரோஹிணி சூட்கேஸோடு நின்றாள்.

"இப்பவும் தட்டிச்சு மேடம். பகல் வெளிச்சத்துல நல்லா உத்துப் பார்த்தேன். அங்க யாருமே இல்ல."

அது நான்தான் என்று சொல்லாமல், கெசியா அவள் சூட்கேஸை வாங்கிக்கொண்டாள். அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை நின்றாள்.

அந்தப் பக்கச் சுவரைப் பிறகு ஆள் இறங்காமல், கிரேன் தொட்டியில் நின்று வேறொரு கம்பெனி முடித்துக் கொடுத்தது. தூணிலிருந்த கயிற்றைக் கெசியா அவிழ்த்து எடுத்துவந்தாள். ஸ்டோர் ரெஜிஸ்டரில், பெயர் எழுதுகிற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, அதையும் ஓய்வு கொடுத்த சாமான்களோடு சேர்த்து எழுதினாள். துண்டு துண்டாக வெட்டினாள். ரோஹிணி அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. சத்தம் நின்றதா என்று கேட்க அங்கே இப்போது ஆளில்லை.

சுவரில் இறங்கிய அந்த வெள்ளிக்கிழமை மாலையே கெசியா தன் பெல்ட்டை மேசைமேல் பரப்பினாள். தையல் பிரியவில்லை. பொட்டலம் திறக்கவில்லை. பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. விரலால் இருமுறை தடவிப் பார்த்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள்.

"புதுசாச்சே மேடம், இன்னா ஆச்சு அதுக்கு?" என்றான் சம்பத்.

"இதை மாட்டியிருந்தப்ப அந்தப் பொண்ணு கண்ணுக்கு நான் தெரியல," என்றாள். சம்பத் எழுந்து கிட்ட வந்து, அவள் வெட்டுவதற்குத் தோதாகப் பட்டையின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.