உள்ளே ஒண்ணும் தெரியாத திரைச்சீலை

கை நீட்டுகிற புருஷனை விட்டு வந்த பிறகு அவள் எவ்வளவு ஜாக்கிரதை தெரியுமா? ஃபோன் நம்பரை மாற்றினாள். இருந்த சமூக ஊடகக் கணக்கையெல்லாம் மூடினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையையும் விட்டு வேறு ஊரில் சேர்ந்தாள். புது விலாசம் தெரிந்த ஒரே ஆள் சித்தப்பா. தங்கமான மனுஷன், வாயைத் திறக்கவே மாட்டார். திறக்கவும் இல்லை, பாவம்.

சித்தப்பா திரைச்சீலை தைப்பவர். அண்ணன் மகளுக்கு ஆபத்து என்றதும் மனசு கேட்கவில்லை. விளக்குப் போட்டாலும் நிழல்கூட வெளியே தெரியாதபடி தடிமனான உள்துணி வைத்துத் தைத்து, தானே வந்து கம்பி அடித்து மாட்டினார். "யார் கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சித்தப்பாவிடமிருந்து ஃபோன் வந்தது. "நெட்டுல நம்ம கடைப் பக்கத்தைப் பாரும்மா. லைக் பிச்சுக்கிட்டுப் போகுது."

பார்த்தாள். கணக்கு இல்லாதவளுக்கும் பக்கம் தாராளமாகத் திறந்தது. சித்தப்பா தெருவில் இறங்கி நின்று படம் எடுத்திருந்தார். தெருவின் பெயர்ப் பலகை ஊர்ப் பெயரோடு பளிச்சென்று விழுந்திருந்தது. கீழே இருக்கிற மருந்துக் கடையும்தான். தேடுகிறவர்கள் சிரமப்படக் கூடாதே என்று அவள் ஜன்னலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு. மேலே எழுதியிருந்தார்: 'எங்கள் வீட்டுப் பெண்ணுக்காகத் தைத்தது. உள்ளே யாரென்று தெரிகிறதா?'

"உன் பேரைப் போடலை, முகத்தைப் போடலை பாத்தியா?" என்றார் சித்தப்பா. ரகசியம் காப்பதில் மனுஷன் புலி.

அவள் கீழே உருட்டினாள். 'அருமை மாமா. எந்த மாடி?' என்று ஒருவன் கேட்டிருந்தான். அவள் புருஷன். சொந்தப் பெயரிலேயே, சொந்தப் படத்தோடு. சித்தப்பா பதில் போட்டிருந்தார்: 'மூன்றாவது மாடி. தொட்டுப் பார்த்தால்தான் துணியின் அருமை தெரியும்.'

"அவனை இன்னும் ஏன் சித்தப்பா ஃப்ரெண்டா வெச்சிருக்கீங்க?"

"விலக்கினா நல்லா இருக்காதேம்மா. எது போட்டாலும் முதல் லைக் அவன்தான்." அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அவனா கேட்டான்? கேள்வி வந்தா ஆளைப் பாக்காம உடனே பதில் போட்டுருவேன். கஸ்டமரைக் காக்க வைக்கலாமா?"

அதற்கும் கீழே கடைசியாக ஒரு வரி. 'இன்றே வருகிறேன் மாமா.' அதற்குச் சித்தப்பா ஒரு இதயம் போட்டிருந்தார்.

அவள் அலமாரியைத் திறந்தாள். கைக்குக் கிடைத்த துணிகளைப் பையில் திணித்தாள். ஃபோனில் சித்தப்பா அழுதுகொண்டிருந்தார்.

"அழிச்சிட்டேன்மா, இப்பவே அழிச்சிட்டேன். எங்கே போறே? சித்தப்பாகிட்ட மட்டும் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது சித்தப்பா" என்றாள்.