நீலப்பல்லனின் பட்டினி

"கொலைகாரன். வேற வார்த்தையே கிடையாது."

"கொலைகாரன் இல்ல வெர்னா, பசிக்காரன்."

"வின்னியோட மீசை மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு! மீசை!"

ஆரின் மீன்தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி சொல்வது உண்மை. வின்னி என்பது வெர்னா ஆசையாக வளர்த்த இறால். தொட்டிக்குள் கை விட்டால் ஓடி வந்து நகக்கண்ணைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும். போன வாரம் ஆரினின் மீன் ரோஸ்கோ அதை ஒரே கடியில் முடித்துவிட்டது. முன்பு நத்தைகள், பிறகு நண்டு, இப்போது வின்னி.

ரோஸ்கோ ஒரு முழ நீளமுள்ள கடல்மீன். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள், பட்டைக்குப் பட்டை நீலக் கரை. வாயைத் திறந்தால் பற்களும் நீலம். ஜன்னலுக்கு வெளியே அமெரிக்காவின் துலூத் நகரம் முழுக்கப் பனியில் வெளுத்துக் கிடக்க, வீட்டுக்குள் அந்த ஒரு மீன் மட்டும் வேறு ஏதோ உலகத்தின் வெயிலைச் சுமந்துகொண்டு திரிந்தது. ஆரின் தினமும் அதைப் பார்த்தபடியேதான் காலுறை மாட்டுவார்.

"ஞாயித்துக்கிழமை டெக்ஸ்டர் வந்து கொண்டுபோகட்டும்" என்று வெர்னா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

டெக்ஸ்டர் மீன் வளர்ப்போர் சங்கத்து நண்பன். அவன் வீட்டு நிலவறைத் தொட்டியில் இருப்பதெல்லாம் ரவுடி மீன்கள்தான். பாறைகள் நிறைந்த தொட்டியில் இந்த ஜாதி மீனை வலை போட்டுப் பிடிப்பது ஆகாத காரியம். அதனால் கண்ணாடிப் பொறி ஒன்றை முன்கூட்டியே கொடுத்து அனுப்பியிருந்தான். உள்ளே இரை, வாசலில், கயிற்றை விட்டால் விழுந்து மூடும் கதவு. அதுவரை மீனுக்குச் சாப்பாடு கிடையாது; பசித்தால் தானே நுழையும்.

ஆரின் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பட்டினி போட்டார். ரோஸ்கோவோ பொறியைச் சுற்றி வந்து, வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனது. அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். 'நுழையாதே ராசா' என்று கயிற்றைப் பிடித்தபடியே வேண்டிக்கொண்டார்.

ஞாயிறன்று டெக்ஸ்டர் பூட்ஸிலிருந்து பனியை உதறிவிட்டு, வாளியோடு உள்ளே வந்தான். தொட்டிமுன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணே, நெசமாவே பட்டினி போட்டீங்களா?"

"என் தலைமேல சத்தியமா."

"உங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ண ஒரு முடிகூட இல்லையே. இது பட்டினி கிடந்த வயிறா? நன்றித் திருநாள் விருந்துக்குப் போயிட்டு வந்த மாமா மாதிரியில்ல இருக்கு!"

தொட்டி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரில் பதித்தது. அந்தப் பக்கம் காபிக் கோப்பைகளோடு வெர்னா வந்தாள். பாறையிடுக்கில் கிடந்த ரோஸ்கோ சட்டென்று பாய்ந்து, சமையலறைக் கண்ணாடியில் மூக்கை வைத்து, பட்டைகள் பளபளக்க, நீலப் பற்களைக் காட்டியது. அவள் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் இடப்பக்கம். வலப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கம்.

ஆரினுக்கு உறைபெட்டியில் நாளுக்கு நாள் இளைத்துவந்த, மீனுக்கென்று வாங்கிய சிப்பிக்கறிப் பொட்டலம் ஞாபகம் வந்தது. வெர்னாவுக்குச் சிப்பியின் வாசனையே ஆகாது.

"வெர்னா..."

"என்ன வெர்னா? காபி குடிக்கற எடத்துல வந்து நின்னுக்கிட்டு, ஒரு கண்ண உருட்டி உருட்டிப் பாக்குது. நான் மட்டும் ரொட்டிய மென்னுக்கிட்டு இருக்கவா?" அவள் முகம் சிவந்துவிட்டது. "போறது போகட்டும். வயிறு நெறஞ்சு போகட்டுமேன்னுதான்."

"கொலைகாரனுக்கா?" என்றார் ஆரின்.

"சும்மா இரு."

டெக்ஸ்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிறகு பொறியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பெரிய வலையைக் கையில் எடுத்தான். வெர்னாவின் விரல்களில் ஏற்கெனவே ஒரு துண்டுச் சிப்பி இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் ரோஸ்கோ வாலை ஆட்டியபடி காத்திருந்தது.

"இதுக்கு எதுக்கு அக்கா பொறி?" என்றான் டெக்ஸ்டர். "நீங்க கூப்பிட்டா நேரா வந்துடும். நான் பின்னாடி வலையப் பிடிச்சுக்கறேன். கையை உள்ள விட்டு ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க."