ஒட்டக் கூடாத தாள்

எங்கள் நாடு பிறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கொடி இருந்தது, தபால்தலை இருந்தது, வரி வசூலிக்க ஆளும் இருந்தது. பக்கத்து நாடு மட்டும் அப்படியொரு நாடே கிடையாது என்று சாதித்தது. எங்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினால் எங்களை ஏற்றுக்கொண்டதாகிவிடுமாம். அதனால் விசாவைத் தனித்தாளில் கொடுப்பார்கள், முத்திரையும் அதில்தான் விழும். திரும்பி வரும்போது அதையும் வாங்கிக்கொள்வார்கள்.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது அந்தப் பக்கம். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. என்னுடையது பொருந்தியது. மறுநாள் காலையில் ஆபரேஷன். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் நான் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் பைண்டர். ஒற்றைத் தாள் தனியாகக் கிடந்தால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தொலைந்துவிடக் கூடாதே என்று அந்த விசாத் தாளைப் பாஸ்போர்ட்டின் நடுப்பக்கத்தில் கச்சிதமாக ஒட்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லைக் கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது.

உள்ளே இருந்த கண்ணாடிக்கார அம்மா அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"யாரும்மா ஒட்டினது?"

"எங்க வீட்டுக்காரர்தான். நல்லதுன்னு நெனச்சு..."

"ஒட்டினா செல்லாதும்மா. உங்க பாஸ்போர்ட்டை நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். திரும்பிப் போய் புதுத்தாள் வாங்கிட்டு வாங்க."

"எத்தனை நாளாகும்?"

"மூணு வாரம்."

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "என் நாடு இல்லவே இல்லைன்னு வச்சுக்கோங்க. என் கிட்னி இருக்குல்ல? அதையாவது உள்ள விடுங்க!" என்று கத்தி, ஆஸ்பத்திரிக் கடிதத்தை உள்ளே தள்ளினேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "என்ன பசை போட்டாரு?" என்று கேட்டாள்.

"மைதா மாவு காய்ச்சினது. கடைப் பசையை அவர் தொடமாட்டார்."

கவுண்டரில் பக்கத்து ஆளை உட்கார வைத்துவிட்டு, மூலையில் டீக்கு வைத்திருந்த மின்சாரக் கெட்டிலைப் போட்டாள். ஆவியில் அந்தப் பக்கத்தைக் காட்டி, மெல்லிய அடிக்கோலால் ஓரத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம். கண்ணாடியில் ஆவி படியப் படியத் துடைத்துக்கொண்டாள். தாள் கிழியாமல் வந்தது. இத்தனை நேரம் மனசுக்குள் நான் திட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் மைதாப் பசையைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"ஒட்டினது செல்லாதுன்னுதான் விதி. உரிச்சதைப் பத்தி எதுவும் எழுதலை," என்று தாளில் முத்திரை குத்தினாள். "உங்க நாடு இருக்குன்னு நான் சொல்ல முடியாதும்மா. உங்க அக்கா இருக்காங்க. ஓடுங்க."

நன்றிகூடச் சொல்லாமல் பாஸ்போர்ட்டையும் தாளையும் வாங்கிக்கொண்டு ஓடினேன். நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன்.

மூன்று வருடம் கழித்து அந்த நாடு எங்களை அங்கீகரித்தது. ஊரெல்லாம் வெடி போட்டு மந்திரிகளுக்கு மாலை போட்டார்கள். எனக்கு அந்தக் கெட்டில்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரமே கிளம்பினேன். அதே கவுண்டர், அதே கண்ணாடி. பாஸ்போர்ட்டைப் புரட்டியவள் நடுப்பக்கத்தில் பசைக்கறையைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"நீங்களா! இப்ப தனித்தாள் கிடையாது. எங்க குத்தட்டும்?"

"அங்கேயேம்மா. அந்தக் கறை மேலேயே."

குத்தினாள். "அன்னைக்கு நன்றி சொல்லாமலே ஓடிட்டேன்," என்றேன்.

அதைக் காதில் வாங்காமல், "அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், என்னைக் கூட்டிப் போக வந்து கையாட்டிக்கொண்டிருந்தவளைக் காட்டினேன். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தாள். வரிசை காத்திருந்தது.