ஒரு சட்டி மண்

...இல்லை, இன்னும் ஒரு இலை பச்சையாகத்தான் இருக்கிறது, அடியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு, அதைக் கிள்ளிவிட்டால் தெரியாது, கிள்ளிவிடலாமா, கிள்ளப்போய் மிச்சமிருப்பதும் கையோடு வந்துவிட்டால் முதலுக்கே மோசம்... பாலுசாமி விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மணி எட்டேகால். பத்து மணிக்கு வருகிறாள். நேற்றுச் சாயங்காலம் போனில் வந்த நாலு வரியை எத்தனை தரம் படித்திருப்பார், படித்துப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது, 'நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாரேன். அம்மா சீலை ரெண்டு எடுத்துக்கறேன். செடியும் எடுத்துக்கறேன். புதன்கிழமை கெளம்பறேன்.' நாலு வருஷத்தில் மகள் சண்முகப்பிரியா அவருக்கென்று அனுப்பிய முதல் செய்தி, அதில் அப்பா என்று ஒரு சொல் இல்லை, ஒரு 'ங்க' கூட இல்லை, தபால்காரனுக்கு எழுதின மாதிரி. புதன்கிழமை ஜெர்மனிக்குப் போகிறாள், அதுவும் அக்கா மகன் மதன்குமார் சொல்லித்தான் தெரியும், மறுபடி எப்போதடா வருவாள் என்று கேட்டதற்கு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வருவாளான்னே தெரியலீங்க மாமா என்றுவிட்டான். ஆக இன்றைக்கு விட்டால் இல்லை. இந்தச் செடியைச் செழிப்பாக அவள் கையில் கொடுத்தால் ஒரு தடவை அப்பா என்று வாயில் வருமா வராதா, வரும் என்றுதான் ஆறு மாதமாக நம்பிக்கொண்டிருந்தார், இப்போது செடி இருக்கிற இருப்பைப் பார்த்தால்... அட போங்கப்பா, என்ன பொழப்பு இது.

செடி என்றால் செடியா அது, கட்டைவிரல் நகத்தளவு மூன்று இலை, அவ்வளவுதான். ஆர்க்கிட்டாம். கல்லூரியில் அவளோடு படித்த வால்பாறைப் பிள்ளை கொடுத்தது, காற்றில் ஒடிந்து விழுந்த கிளையில் ஒட்டிக்கொண்டிருந்ததாம், அந்தக் கிளைத்துண்டோடு, முழ நீளம் கூட இருக்காது, கம்பி போட்டு அடுக்களை ஜன்னலில் தொங்கவிட்டிருந்தாள். கல்யாணமாகிக் கோபிசெட்டிபாளையம் போகும்போது பீரோ, கட்டில், பாத்திரம் பண்டத்தோடு இதையும் மடியில் வைத்துக்கொண்டு போனாள், மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள், அவரும் சேர்ந்துதான் சிரித்தார். பின்னால் அவள் அதைத் திரும்ப இங்கேயே விட்டுப்போன பிறகு பார்த்துக்கொண்டது அவர் பெண்டாட்டி ராசாத்தாள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், கை முழுக்க ஊசி குத்திக் கன்றிப்போய்க் கிடக்கும், அந்தக் கையால் விடியக்காலையில் இஸ்திரிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலை எடுத்து அதன்மேல் புஸ் புஸ்ஸென்று நாலு தடவை, அதோடு சரி. ஒருநாள், ஏனுங்க, சுருக்கா இங்க வாங்க, பூத்திருக்குதுங்க என்று கூப்பிட்டாள், போய்ப் பார்த்தால் மூக்குத்திக் கல்லளவில் ஒரு வெள்ளை. இதுக்குத்தானா இத்தனை சீராட்டு, கண்ணாடியக் கொண்டா, பூ எங்க இருக்குதுன்னு பாக்கோணும் என்று இவர் கேலி பண்ணினார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, போனில் படமெடுத்து யாருக்கோ அனுப்பினாள். யாருக்கென்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை.

ராசாத்தாள் போனது புரட்டாசியில். பெங்களூரிலிருந்து மகள் வந்தாள், அழுதாள், கருமாதி வரைக்கும் இருந்தாள், எல்லாரிடமும் பேசினாள், அவரிடம் மட்டும் இல்லை. கிளம்புகிற அன்றைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பி, செடியப் பாத்துக்கங்க என்றாள். அவரிடம்தான் சொன்னாள். அங்கே வேறு ஆள் இல்லை. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கியது அவருக்கு, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, பெண்டாட்டி செத்துப் பதினேழாம் நாள் ஒரு மனுஷன் சந்தோஷப்பட்டான் என்றால் காறித் துப்புவார்கள்... மறுநாள் ஜன்னலண்டை நின்று முதல்முதலாக அந்தச் செடியை ஊன்றிப் பார்த்தார். வேர் வெளியே கிடந்தது. மண்ணும் இல்லை ஒன்றும் இல்லை, வெள்ளை நூலாட்டம் நாலைந்து வேர், கட்டையைக் கொஞ்சம் பற்றிக்கொண்டு மிச்சம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு. பொள்ளாச்சிப் பக்கம் முந்நூறு தென்னைக்கு நாற்பது வருஷம் தண்ணீர் கட்டினவர், வேர் வெளியே தெரிந்தால் அந்த மரம் இன்றைக்கோ நாளைக்கோ என்று படித்தவர், அவருக்கு எப்படிப் பொறுக்கும். பெற்ற பிள்ளை குளிரில் துணியில்லாமல் நிற்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. விடிந்ததும் தோட்டத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

வீடிருக்கிற வடவள்ளியில் மண் இல்லாமலா, இருக்கிறது, செங்கல் தூளும் சிமெண்டும் கலந்த மண், அதிலா வைப்பது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு அஞ்சு வருஷமாகியும் குத்தகைக்காரர் அரங்கசாமி மரியாதைக்காரர், காப்பி கொடுத்து, எத்தனை வேணுமோ அள்ளிக்கங்க, உங்க மண்ணுதானுங்களே என்றார். தென்னை அடியில் செவ்வல் மண், மூன்று வருஷம் மக்கின சாணி எரு, இரண்டையும் சலித்துக் கலந்து மஞ்சப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். பையில் என்னங்க என்று கண்டக்டர் கேட்டான், மண்ணுங்க என்றார், ஏனுங்க, கோயமுத்தூர்ல மண்ணுக்கா பஞ்சம் என்று அவன் சிரித்தான். சிரிக்கட்டும். தயிர்ச்சட்டியில் அடியில் ஓட்டை போட்டு, கட்டையிலிருந்து வேரை நகத்தால் பதமாகப் பிரித்து, சட்டியில் நட்டு, சுற்றி அமுக்கிவிட்டு, சிறுவாணித் தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றினார். ஊற்றிவிட்டு, இனி உனக்கு ஒரு கொறையும் இல்ல கண்ணு என்று வாய்விட்டே சொன்னார். ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை, பாத்தியா ராசாத்தா, இப்பத்தான் காலூணி நிக்குது, இத்தன வருஷம் காத்துல தொங்க உட்டுப்போட்டிங்க ஆத்தாளும் மகளும் என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஒரு இலை மஞ்சளடித்தது. தண்ணீர் போதவில்லை என்று இரண்டு வேளை ஊற்றினார். இன்னும் மஞ்சள். சத்து போதவில்லை என்று கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினார். அந்த இலை உதிர்ந்தது, அடுத்தது ஆரம்பித்தது... ஒரு மனுஷன் இதற்குமேல் என்னதான் செய்வான், சொல்லுங்கள், எதில் குறை வைத்தார்.

நேற்று அந்தச் செய்தி வந்த கையோடு தடாகம் ரோட்டு நர்சரிக்கு ஓடினார், இதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாம், அவளுக்கென்ன தெரியவா போகிறது என்று ஒரு கள்ளப் புத்தி. முழங்கை உயரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய ஆர்க்கிட் காட்டினான் கடைக்காரன். குட்டியா, நகத்தளவு எலை, அது இல்லீங்களா என்றார். அதெல்லாம் யாருங்க வாங்கறா, கண்ணுக்கே தெரியாதுங்களே என்றான் அவன். வெறுங்கையோடு வந்து ராத்திரி முழுக்கப் புரண்டு கிடந்து, விடிந்ததும் சட்டியைக் கவிழ்த்தார். குப்பென்று நாற்றம். வேரைத் தொட்டால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்துவிட்டது, உள்ளே மயிரிழை மாதிரி ஒரு நரம்பு. எல்லாம் அப்படித்தான். தண்ணீரில் அலசி, பரணிலிருந்து அந்தப் பழைய கட்டையைத் தேடியெடுத்து, தையல் நூலால் கட்டி, ஒற்றை இலை முன்னால் தெரிகிற மாதிரி திருப்பிவைத்து... வெயிலில் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். இந்த வருஷம் மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது, ஊரறிந்த விஷயம், பொய்யாகவே தோன்றாது. எறும்பு என்று சொல்லலாம். எறும்பா, எறும்பு வேண்டாம், வெயில்தான் சரி.

ஒன்பதரை. மூன்றாவது தடவை அவள் கோபியில் புருஷன் வீட்டிலிருந்து வந்தபோது கையில் துணிமணி இல்லை, இந்தச் செடி மட்டும்தான் இருந்தது. துணி எடுக்காம செடியத் தூக்கிட்டு வந்திருக்குது பாரு என்று ராசாத்தாளிடம் கத்தினார். கத்தாமல் என்ன செய்வது, முதல் தடவை வந்தாள், சமாதானம் பண்ணி அனுப்பினோம், ரெண்டாம் தடவை மாப்பிள்ளையே வந்து கூட்டிப்போனார், மூன்றாம் தடவை என்றால் ஊரில் என்ன பேசுவார்கள், ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது. அன்று சாயங்காலமே அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட, அப்போதிருந்த காரை எடுத்தார். வழியில் அவினாசியில் டீ வாங்கிக் கொடுத்தார், கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள், ஆடை கட்டிவிட்டது, குடிக்கவில்லை. அவர்தான் பேசிக்கொண்டு வந்தார், தென்னம்புள்ளைய எடம் மாத்தி நட்டா மொதல்ல வாடத்தான் அம்மணி வாடும், அதுக்குன்னு புடுங்கிப் புடுங்கிப் பாத்தா எங்க வேர் புடிக்கும், ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சுட்டு இரு, ஒரு கொழந்த பொறந்தா எல்லாம் செரியாயிரும் என்று. நல்ல பேச்சாகத்தான் பட்டது அப்போது. கதவைத் திறந்து இறங்கி உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் அங்கிருந்து தனியாகப் பஸ் ஏறிப் பெங்களூர் போய்விட்டாள், அம்மாவுக்கு மட்டும் போன். சாமி, நான் கெட்டதாவா நெனச்சேன், நல்லா இருக்கோணும்னுதானே... யாரிடம் சொல்கிறார், அடுக்களையில் ஆளா இருக்கிறது.

வாசலில் கார் நின்றது. பத்து ஆகவில்லை இன்னும், ஒன்பதே முக்கால்தான், கையெல்லாம் சேறு, மேலே துண்டு கூட இல்லை. படியில் நின்றாள். இளைத்திருந்தாள், முடியைக் கத்தரித்திருந்தாள், ராசாத்தாளின் நெற்றி அப்படியே. வா அம்மணி என்று சொல்லவேண்டும், எதிரியே வந்தாலும் வாங்க என்று கூப்பிடாமல் விட்டால் அது வீடா, ஆனால் எதையாவது பேசவேண்டுமே என்ற பதற்றத்தில் வாயில் வந்தது, "எப்பக் கண்ணு கெளம்பற?"

"புதன்கிழமைங்க. போட்டிருந்தேனுங்களே."

உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள், இரண்டு சேலையை முகத்தருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். பிறகு அடுக்களை. ஜன்னலில் வெறும் ஆணி. செடி எங்கீங்க என்றாள். மேடையிலிருந்த கட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார், வெயில், வெயில் என்று உள்ளே ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள், நூலை லேசாக விலக்கினாள், இலையின் இடுக்கில் ஒரு சிட்டிகை செவ்வல் மண், எவ்வளவு அலசியும் போகாதது.

"மண்ணுல வெச்சீங்களா?"

"ஆமா அம்மணி." பொய் எங்கே போனதென்றே தெரியவில்லை. "நம்ம தோட்டத்து மண்ணுதான். வேர் அந்தரத்துல கெடந்துச்சு, எனக்குப் பாக்கப் பொறுக்கல, நட்டுப்போட்டேன்."

திட்டுவாள் என்று நின்றார், திட்டினால் நன்றாக இருக்கும், அழுதாலாவது கிட்டே போகலாம். அவள் விலக்கின நூலைத் திரும்பச் சரியாக இழுத்துவிட்டாள். "இது மண்ணுல வாழாதுங்கப்பா" என்றாள் கடைசியில், மெதுவாக, கோபமே இல்லாமல். "நம்ம தோட்டத்துல இருந்து காஞ்ச தேங்கா மட்டை ஒண்ணு கொண்டாந்து கட்டியிருந்தாக்கூடப் போதும். தெரியலீன்னா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே. என்ர நெம்பர் உங்ககிட்ட இருந்துச்சுங்களே."

கட்டையை ஜன்னல் திட்டில் வைத்தாள், எடுத்துக்கொள்ளவில்லை. போய்ட்டு வாரேனுங்க என்று சொன்னாளா, அல்லது அவருக்கு அப்படிக் கேட்டதா, செருப்பு மாட்டுகிற சத்தம், காரின் கதவு. அப்பா என்றாளே, சொன்னாளே, ஆறு மாதமாக அதற்குத்தானே காத்திருந்தார், வந்துவிட்டது, வந்தும் நெஞ்சில் ஒன்றும் நிறையவில்லையே... கேட்டிருக்கலாமுங்களே. ஆமாம், கேட்டிருக்கலாம், தண்ணி எத்தன ஊத்தறது அம்மணி என்று ஒரு போன் போதும், அவள் சொல்லியிருப்பாள், அடுத்த வாரம் இன்னொன்று கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவே இல்லையே, ஏன் தோன்றவில்லை... அவர் வாசலுக்கு வந்தார். எப்பக் கண்ணு கெளம்பற... கோபியிலிருந்து அவள் வந்து நின்ற மூன்று தடவையும் இதே படியில் வைத்து அவர் கேட்டது அதுதான், அதை மட்டும்தான், இன்றைக்கும் அதேதான். எதுக்கு வந்தே என்று கேட்டதில்லை. அங்கே உனக்கு என்ன நடக்குது என்று கேட்டதில்லை. பொண்ணுகிட்ட நீங்களே ஒரு வார்த்த கேளுங்க மாமா என்று ராசாத்தாள் கெஞ்சினாள் ஒருநாள், அப்பன் கேக்கற கேள்வியா அது என்று எழுந்து போய்விட்டார், இன்றுவரைக்கும் அவருக்குத் தெரியாது, கோபியில் அந்த வீட்டுக்குள் என்ன நடந்ததென்று பெற்றவருக்குத் தெரியாது. சந்து குறுகல், கார் திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் போய்விடலாம், இப்போதுகூடக் கேட்டுவிடலாம், கேட்டால் சொல்லுவாளா... முதல் சொல்லாக எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவர் வாசல் கதவைப் பிடித்தபடி நின்றார்.