ஐஸ் வராத ஃப்ரிட்ஜ்

வீட்டைக் கூட்டியதோடு சாமிதுரை நிறுத்தியிருக்கலாம். ஃப்ரிட்ஜையும் இடுப்பால் முட்டிச் சுவரோடு ஒட்டத் தள்ளினார். அதன் கதவில் ஐஸும் தண்ணீரும் கொட்டும் வாய் அன்றைக்கே வறண்டுபோனது.

இன்று மனைவி அம்சத்தின் அண்ணன் ரெத்தினம் வருகிறார். தங்கை புருஷன் என் வயலுக்குள் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று எட்டு வருஷமாகக் கேஸ் நடத்துபவர். "வாபஸ் வாங்குவீங்களா?" என்று எப்போது கேட்டாலும் "பாப்போம்" என்பார். ஐஸ் போட்ட நன்னாரி கொடுத்து மச்சானைக் குளிர்விப்பதுதான் சாமிதுரையின் மாபெரும் திட்டம்.

ரெத்தினம் வந்தபோது சாமிதுரை ஃப்ரிட்ஜின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தார். ரெத்தினம் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தண்ணிக் குழாய் மடங்கிக் கெடக்கு மாப்ளே. வரப்பு மாதிரியே இதையும் தள்ளிட்டீங்களா?"

அம்சம் சிரித்துவிட்டாள். மறுத்துப் பேசத்தான் சாமிதுரை வாயைத் திறந்தார். நசுங்கிய குழாய் கண்ணெதிரே கிடந்தது.

"ரெண்டையும் நான்தான் தள்ளுனேன் மச்சான்."

இருவரும் சேர்ந்து ஃப்ரிட்ஜை ஒரு சாண் முன்னால் இழுத்துக் குழாயை நிமிர்த்தினார்கள். உள்ளே தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

"ஐஸ் புடிக்க மூணு மணி நேரம் ஆகும்ணே," என்றாள் அம்சம்.

"ஆகட்டும், இருக்கேன்."

"அப்ப கேஸு?" என்று சாமிதுரை மெல்லக் கேட்டார்.

"வரப்பையும் இதே மாதிரி இழுத்துப் போட்டுருங்க. திங்கக்கிழமை வாபஸ் வாங்கிடுறேன்."