டேங்க் மூடிச் சாவி

பெரம்பலூர் டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் மெக்கானிக் அரியமுத்து என் டிப்பரின் பம்பைப் பிரித்து விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியெல்லாம் மினுமினுவென்று இரும்புத் தூள். "போச்சு" என்றார்.

என் டிப்பர் என்கிறேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வண்டி குருநாதன் அண்ணனுடையது. பாதிப் பங்கு அவர் மச்சான் மணிமாறனுக்கு. ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிரைவர் நான், ராசாங்கம். அவ்வளவுதான்.

"பழைய இன்ஜின்னா எதை ஊத்துனாலும் இருமிக்கிட்டே ஓடும். இது காமன் ரயில் இன்ஜினுங்க. இம்புட்டு பிரஷர்ல தள்ளுற பம்புக்கு டீசலேதான் மசகு. கலப்படம் பட்டா தன்னைத்தானே அரைச்சுக்கும். யாரு ஊத்துனது?" என்றார் அரியமுத்து.

யார் ஊற்றியது என்று எனக்குத் தெரியும். அண்ணன் வீட்டுக் கொல்லையில் மலிவு டீசலோடு நீல பேரல் வந்து இறங்கியதிலிருந்து அவர்தான் ஊற்றினார். வாடை சரியில்லை என்று நான் சொன்னதற்கு, "வாய மூடிக்கிட்டு ஓட்டு. மச்சானுக்குத் தெரிய வேணாம்" என்றார். மூடிக்கொண்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த மடையன்.

அதே அண்ணன் இப்போது கடையில் கூட நின்ற மச்சானைப் பார்த்து, "வேற யாரு? இவன்தான். டீசலை உறிஞ்சி வித்துட்டுக் கண்டதை ஊத்தியிருக்கான்" என்றார்.

டீசல் திருடன் என்று பேர் விழுந்துவிட்டால் அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரை ஒருத்தரும் என்னை ஸ்டியரிங் தொட விடமாட்டார்கள்.

"டேங்க் பூட்டியில்ல இருக்கு! சாவி உங்க வூட்டுலதானண்ணே இருக்கு?" என்றேன்.

நாளைக்கு என் மேல் ஒரு சொல் வந்துவிடக் கூடாதென்று அந்த மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டவனே நான்தான். ஆயுத பூசையன்று மணிமாறன் முன்னாலேயே சாவியில் சிவப்புக் கயிறு கட்டி, அண்ணன் மனைவி லீலாவதி அக்கா கையில் கொடுத்தேன். அக்காவும் இப்போது எங்களோடு சர்வீஸ் கடைக்கு வந்திருந்தார்.

மணிமாறன் தங்கையிடம் கேட்டார்: "நீ சொல்லு லீலா. சாவி யாருகிட்ட இருக்கு?"

எனக்கு உயிர் வந்தது. பிரசவ வலியில் துடித்த அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் நான். பிறந்த பிள்ளைக்கு என்னை மாமா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"ராசாங்கத்துக்கிட்டதான்" என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடி.

அரியமுத்து கையைத் துடைத்தார். "தூளு ரிட்டர்ன் பைப் வழியா டேங்குக்கும் போயிருக்கும். தொறந்து கழுவணும். சாவியக் குடுப்பா."

சட்டைப்பையையும் கால்சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினேன். அக்காவின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே செருகியிருந்த கொத்துச்சாவியிலிருந்து சிவப்புக் கயிறு தொங்கியது. சட்டென்று பொத்திக்கொண்டார். அதற்குள் மணிமாறன் பார்த்துவிட்டார்.

"பூட்டை உடைங்க" என்றார் அண்ணன் அவசரமாக.

மணிமாறன் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆமா, உடைச்சிடுங்க" என்றார்.

அரியமுத்து சுத்தியலை எடுத்தார். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய பூட்டு, சீக்கிரம் உடையவில்லை. உடையும்வரை அக்கா இடுப்பிலிருந்து கையை எடுக்கவே இல்லை.