வேண்டாமென்று அனுப்பிய காற்று

எங்கள் ஊரில் வீட்டுக்கு மின்சாரம் வேண்டுமென்றால் காற்றையும் வெயிலையும் நேரில் அழைத்துப் பேசித்தான் அமர்த்திக்கொள்ள வேண்டும். தபால் கார்டு போட்டால் சொன்ன நாளில் வந்துவிடுவார்கள். என் மனைவி ஜெபமலருக்கு நுரையீரல் பலவீனம். ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓட வேண்டும். அதனால் இரண்டு பேருக்குமே கார்டு போட்டேன்.

காற்று முதலில் வந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, காலண்டர் தாள் படபடக்காதபடி ஓரமாக உட்கார்ந்தது.

“வைகாசியில வந்தா புரட்டாசி முடிய ராப்பகலா நிப்பேன். அதுக்கப்புறம் என்னைத் தேடக் கூடாது.”

வெயில் பத்து மணிக்கு வந்தது. வருஷம் முழுக்க வருவதாகவும், சாயங்காலம் ஆறுக்கு மேல் கூப்பிடக் கூடாது என்றும் சொன்னது.

“நான் ராத்திரியும் மூச்சு விடணுமே,” என்றாள் ஜெபமலர்.

பகல் உழைப்பைச் சேர்த்து வைக்க, வெயில் ஒரு பேட்டரியைச் சிபாரிசு செய்தது. அது ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். மாடிப்படிக்குக் கீழே இடம் போதும் என்றது. “இருபது சதவீதத்துக்குக் கீழ என்னைக் காலி பண்ணிராதீங்க. ஆயுசு குறைஞ்சிரும்.”

காற்றாடி நட்டால் மொட்டை மாடி தாங்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். வெயிலையும் பேட்டரியையும் அமர்த்திக்கொண்டோம். காற்றிடம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அது கதவை மெதுவாகவே சாத்திவிட்டுப் போனது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

கார்த்திகையில் விடாத மழை. வெயில் வேலைக்கு வந்தது, முகத்தை மூடிக்கொண்டு. மூன்றாம் நாள் மத்தியானம் பேட்டரி என்னைக் கூப்பிட்டு, “இருபத்தொண்ணு,” என்றது.

கட்டிலில் இருந்தபடியே ஜெபமலர் சொன்னாள்: “சொன்ன சொல்லுல நில்லுங்க. உங்க ஆயுசை எடுத்து நான் மூச்சு விட வேண்டாம்.”

பேட்டரி சற்று நேரத்தில் பத்தொன்பதுக்கு இறங்கியது. பிறகு பதினைந்து. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வாசலில் காற்று நின்றது. தலை நனைந்திருந்தது.

“இது உங்க மாசம் இல்லையே,” என்றேன்.

“லீவுலதான் இருக்கேன். ஆனா மூச்சு எங்க வகையறா. சொந்தத்துக்கு ஒண்ணுன்னா மாசம் பார்க்க முடியுமா? மெஷினை நிப்பாட்டுங்க.”

முக்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. இரண்டு நாள் அவளுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. சாப்பிடக்கூட எழவில்லை. ஐந்தாம் நாள் வெயில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்ததும், ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியது. நான் தெருமுனை வரை கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதுவும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஞானசிகாமணி வந்தார். மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரை போவதால், அவர் அமர்த்தியிருந்த கடல் அலையை இரண்டு நாள் எங்களிடம் விட்டுப் போகலாமா என்று கேட்டார்.

“சாதுதானா?” என்றாள் ஜெபமலர்.

“தொட்டியில விட்டா சத்தமே போடாதும்மா.”

நான் போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்தேன்.